ஐந்து எழுத்தைத் தடவிப் படிக்கும் கை: பி53 புரதம் டிஎன்ஏவைப் பற்றுவது எப்படி?



உயர்நிலை வகுப்புக்கு அறிவியல் சார்ந்த வாசிப்புப் பகுதி தேடினால் மழைக்காடு, மறுசுழற்சி, கைப்பேசி என்று ஒரு சில தலைப்புகளே திரும்பத் திரும்பக் கிடைக்கின்றன. உடலுக்குள் மூலக்கூறு அளவில் நடப்பதைத் தமிழில் சொல்லும் பகுதிகள் குறைவு. தேவை இல்லாமல் இல்லை. நம் மாணவர்கள் பலர் வீட்டில் மொழிபெயர்ப்பாளர்கள்தானே! மருத்துவமனை கொடுத்த அறிக்கையைத் தாத்தா பாட்டிக்குப் புரியும் தமிழில் சொல்ல வேண்டிய பொறுப்பு பெரும்பாலும் பதினாறு வயதுப் பிள்ளை தலையில்தான் விழுகிறது. புற்றுநோய் தொடர்பான அறிக்கைகளில் அடிக்கடி தென்படும் ஒரு பெயர் ‘டிபி53’. அது ஒரு மரபணுவின் பெயர். அந்த மரபணு உண்டாக்கும் புரதத்தின் பெயர் பி53.

உயிரியல் படிக்காத தமிழாசிரியரும் வகுப்பில் தைரியமாகப் பேசும் அளவுக்கு இந்தப் புரதத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். குறிப்பாக, அது டிஎன்ஏவைப் பற்றிக்கொள்ளும் பகுதி எப்படி அமைந்திருக்கிறது, அந்த அமைப்பில் ஒரே ஓர் இடம் கெட்டால் ஏன் இவ்வளவு பெரிய விளைவு என்று பார்ப்போம்.

1. படியெடுத்தல் காரணி என்றால் என்ன?

நம் உடலின் உயிரணுக்களில், முதிர்ந்த சிவப்பணு போன்ற சிலவற்றைத் தவிர, ஏறக்குறைய ஒரே டிஎன்ஏதான் இருக்கிறது. ஒரு தொகுதியில் சுமார் 300 கோடி எழுத்துகள். அப்பாவிடமிருந்து ஒரு தொகுதி, அம்மாவிடமிருந்து ஒரு தொகுதி. ஏ, டி, ஜி, சி என நான்கே எழுத்துகள்தான். இந்த நீண்ட எழுத்து வரிசையில் புரதம் செய்வதற்கான குறிப்புகள், அதாவது மரபணுக்கள், சுமார் 20,000 இருக்கின்றன.

அப்படின்னா கண்ணில் உள்ள உயிரணுவும் கல்லீரலில் உள்ள உயிரணுவும் ஏன் வேறு வேறாக இருக்கின்றன? புத்தகம் ஒன்றுதான். ஆனால் ஒவ்வோர் உயிரணுவும் வெவ்வேறு பக்கங்களைத் திறந்து படியெடுக்கிறது. மரபணுவில் உள்ள குறிப்பை ஆர்என்ஏவாக நகல் எடுப்பதைத்தான் ‘படியெடுத்தல்’ என்கிறோம். எந்தப் பக்கத்தை, எப்போது, எவ்வளவு படியெடுப்பது என்பதை நெறிப்படுத்தும் புரதங்களே ‘படியெடுத்தல் காரணிகள்’. மனித உடலில் இவை ஏறத்தாழ 1,600 உள்ளன.

படியெடுத்தல் காரணிக்குக் குறைந்தது இரண்டு வேலை உண்டு. ஒன்று, டிஎன்ஏவில் சரியான இடத்தைக் கண்டுபிடித்துப் பற்றிக்கொள்வது. இரண்டு, நகல் எடுக்கும் மற்ற புரதங்களை அங்கே வரவழைப்பது அல்லது வராமல் தடுப்பது. முதல் வேலையைச் செய்யும் உறுப்புதான் ‘டிஎன்ஏ பிணைப்புப் பகுதி’.

இங்கே மாணவர்கள் கட்டாயம் ஒரு கேள்வி கேட்பார்கள். டிஎன்ஏவில் எழுத்துகள் முறுக்கேணியின் உள்பக்கம் படிகள் போல இணையாகச் சேர்ந்திருக்கின்றனவே, ஏணியைப் பிரிக்காமல் எப்படிப் படிப்பது?

பிரிக்கத் தேவையில்லை. முறுக்கிய ஏணியின் வெளிப்புறத்தில் இரண்டு பள்ளங்கள் சுற்றிச் சுற்றிப் போகின்றன. ஒன்று அகலமானது, மற்றது குறுகலானது. எழுத்துகளின் ஓரங்கள் இந்தப் பள்ளங்களில் எட்டிப் பார்க்கின்றன. பெரிய பள்ளத்தில் ஒவ்வொரு சோடியின் ஓரமும் தனித்தன்மையோடு இருக்கும். ஓரிடத்தில் ஹைட்ரஜனைக் கொடுக்கும் முனை, ஓரிடத்தில் ஹைட்ரஜனை ஏற்கும் முனை, ஓரிடத்தில் சின்னப் புடைப்பு என்று அடையாளம் மாறும். சிறிய பள்ளத்தில் இந்த வேறுபாடு குறைவு. ஆகவே புரதம் எழுத்தைக் கண்ணால் பார்ப்பதில்லை, தடவி அறிகிறது. பார்வையற்றோர் பிரெயில் புள்ளிகளை விரலால் வாசிப்பதை நினைத்துக்கொண்டால் மாணவர்களுக்குச் சட்டென்று புரியும்.

2. பி53: பெயரும் பின்னணியும்

பி53 புரதம் 1979ஆம் ஆண்டு பல ஆய்வுக் குழுக்களால் தனித்தனியாகக் கண்டறியப்பட்டது. பெயரில் உள்ள 53 அதன் எடையைக் குறிக்கிறது. அன்றைய சோதனையில் அது 53 ஆயிரம் டால்டன் எடை உள்ளதுபோல் தோன்றியது. உண்மையான எடை சுமார் 44 ஆயிரம் டால்டன்தான். கணக்கு திருத்தப்பட்டாலும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

முதல் பத்தாண்டுகளில் இன்னொரு பெரிய குழப்பமும் இருந்தது. பி53 புற்றுநோயைத் தூண்டும் புரதம் என்றே பலரும் நினைத்தார்கள். காரணம், அவர்கள் சோதித்துக்கொண்டிருந்த நகல்கள் ஏற்கெனவே கெட்டுப்போனவை. 1989ஆம் ஆண்டு வாக்கில்தான் உண்மை தலைகீழானது என்று தெளிவாயிற்று. நல்ல நிலையில் உள்ள பி53 புற்றுநோயைத் தடுக்கும் புரதம்.

உயிரணுவின் டிஎன்ஏ சேதமடைந்தால் பி53இன் அளவு கூடுகிறது. அது குறிப்பிட்ட மரபணுக்களுக்கு அருகே போய் டிஎன்ஏவைப் பற்றி, அவற்றைப் படியெடுக்கச் செய்கிறது. பி21 என்ற புரதம் உண்டாகி உயிரணு பிளவுபடுவதை நிறுத்துகிறது. பழுதுபார்க்கும் புரதங்களும் உருவாகின்றன. சேதம் சரிசெய்ய முடியாத அளவு என்றால் உயிரணு தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் வழி திறக்கிறது. இதனால்தான் இதைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான டேவிட் லேன் 1992இல் இதற்கு ‘மரபணுத் தொகுதியின் காவலர்’ என்று பெயரிட்டார். அவர் பின்னாளில் சிங்கப்பூரில் பல ஆண்டுகள் பணியாற்றி, பி53 ஆய்வுக்கூடம் ஒன்றையும் நடத்தினார். நம் வட்டாரத்துக்கும் இந்தப் புரதத்துக்கும் உள்ள தொடர்பு இது.

காவலர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கை இல்லையென்றால் கதவைத் திறக்க முடியாது, இல்லையா? அந்தக் கையைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

3. கையின் அமைப்பு

பி53 என்பது 393 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சரம். முன்பகுதி நகல் எடுக்கும் புரதங்களை அழைக்கும். பின்பகுதியில் நான்கு பி53 மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சேரும் இடம் இருக்கிறது. நடுவில், ஏறத்தாழ 94 முதல் 292 வரையுள்ள பகுதிதான் டிஎன்ஏ பிணைப்புப் பகுதி. நியூயார்க்கில் நிக்கோலா பாவ்லெட்டிச்சின் ஆய்வுக் குழு 1994இல் இப்பகுதி டிஎன்ஏவைப் பற்றியிருக்கும் நிலையிலேயே படிகமாக்கி, ஊடுகதிர் பாய்ச்சி, அதன் வடிவத்தை வெளியிட்டது. எந்த அமினோ அமிலம் எந்த எழுத்தைத் தொடுகிறது என்று அப்போதுதான் நேரடியாகத் தெரிந்தது.

முதலில் உள்ளங்கை. சரம் முன்னும் பின்னுமாக மடிந்து மடிந்து இரண்டு தகடுகளாக அமைகிறது. ஒன்றில் நான்கு இழை, மற்றதில் ஐந்து இழை. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து, சாண்ட்விச் ரொட்டியின் இரு துண்டுகள்போல் இருக்கின்றன. இந்த உள்ளங்கை எழுத்தைத் தொடுவதில்லை. விரல்களைச் சரியான கோணத்தில் பிடித்து நிறுத்துவதே இதன் வேலை.

அடுத்து விரல்கள். தகடுகளின் ஒரு முனையிலிருந்து சில வளையங்களும் ஒரு சிறு சுருளும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. முதல் வளையமும் அந்தச் சுருளும் டிஎன்ஏவின் பெரிய பள்ளத்துக்குள் இறங்குகின்றன. 120ஆம் இடத்தில் உள்ள லைசின், 277இல் உள்ள சிஸ்டீன், 280இல் உள்ள அர்ஜினின் ஆகிய மூன்றும் அங்கே எழுத்துகளின் ஓரங்களைத் தொடுகின்றன. மூன்றாம் வளையம் சிறிய பள்ளத்தின் பக்கம் போகிறது. அதன் நுனியில் உள்ள 248ஆம் அர்ஜினின் குறுகிய பள்ளத்துக்குள் நுழைந்து பிடிக்கிறது. 273ஆம் அர்ஜினின் எழுத்தைத் தொடாமல் ஏணியின் பக்கச் சட்டத்தைப் பற்றிக்கொள்கிறது.

அர்ஜினின் ஏன் இத்தனை இடத்தில் வருகிறது? டிஎன்ஏவின் பக்கச் சட்டம் பாஸ்பேட்டால் ஆனது, எதிர்மின் தன்மை உடையது. அர்ஜினினின் நுனியோ நேர்மின் தன்மை உடையது. இரண்டும் ஒன்றையொன்று ஈர்க்கும். அவ்வளவுதான் சங்கதி.

கடைசியாக, முடிச்சு. இரண்டாம் வளையமும் மூன்றாம் வளையமும் தாமாகவே உறுதியாக நிற்கக்கூடியவை அல்ல. ஒரே ஒரு துத்தநாக அயனி நடுவில் அமர்ந்து இரண்டையும் சேர்த்துக் கட்டுகிறது. 176, 238, 242 ஆகிய இடங்களில் உள்ள மூன்று சிஸ்டீன்களும் 179இல் உள்ள ஒரு ஹிஸ்டிடினும் அந்த அயனியைப் பிடித்திருக்கின்றன. துத்தநாகம் டிஎன்ஏவைத் தொடுவதே இல்லை. ஆனால் அது கழன்றால் விரல்கள் தொய்ந்துவிடும்.

4. தேடும் எழுத்துகள்: ஒரு மாலைமாற்று

300 கோடி எழுத்துகளுக்கு நடுவில் இந்தக் கை எதைத் தேடுகிறது? பத்து எழுத்துகள் கொண்ட ஓர் அமைப்பு. முதல் மூன்றும் ஏ அல்லது ஜி. நான்காவது சி. ஐந்தும் ஆறும் ஏ அல்லது டி. ஏழாவது ஜி. கடைசி மூன்றும் சி அல்லது டி. எடுத்துக்காட்டாக,

ஏ ஜி ஏ சி ஏ டி ஜி டி சி டி

தமிழாசிரியர்களுக்கு இதில் ஒரு சுவையான செய்தி இருக்கிறது. டிஎன்ஏவில் ஏ எதிரே டி வரும், ஜி எதிரே சி வரும். மேலே உள்ள வரிசைக்கு எதிர் இழையை எழுதி, வலமிருந்து இடமாகப் படித்துப் பாருங்க. அதே வரிசை கிடைக்கும்! நாம் ‘விகடகவி’ என்று சொல்லித் தரும் மாலைமாற்றுக்கு இது நெருங்கிய உறவு. ஒரே வேறுபாடு, இங்கே திரும்பப் படிப்பது எதிர் இழையில்.

இது வெறும் அலங்காரம் இல்லை. ஒரு பி53 கை படிப்பது ஐந்து எழுத்து. அதன் எதிரே இன்னொரு பி53 திரும்பி நின்று மற்ற ஐந்தைப் படிக்கிறது. இரண்டு கைகளும் ஒரே அச்சில் வார்த்தவை என்பதால் இரண்டு பாதிகளும் ஒரே மாதிரி ‘உணரப்பட’ வேண்டும். எழுத்து வரிசை மாலைமாற்றாக இருப்பதால்தான் அது முடிகிறது. இப்படிப்பட்ட பத்து எழுத்து அமைப்பு இரண்டு, அடுத்தடுத்தோ கொஞ்சம் இடைவெளி விட்டோ வரும். ஆக நான்கு பி53 மூலக்கூறுகள் சேர்ந்து இருபது எழுத்துகளைப் பற்றுகின்றன. ஒரு கை மட்டும் பிடித்தால் பிடி நழுவும். நான்கு கை சேரும்போதுதான் பிடி உறுதிப்படும்.

5. பிழை நேரும் ஆறு இடங்கள்

மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழ பாதியில் டிபி53 மரபணு கெட்டிருக்கிறது. அந்தப் பிழைகளில் பெரும்பாலானவை நாம் பார்த்த நடுப்பகுதியில்தான் விழுகின்றன. அதிலும் 175, 245, 248, 249, 273, 282 ஆகிய ஆறு இடங்களில் திரும்பத் திரும்பப் பிழை வருகிறது. ஆறில் ஐந்து இடங்களில் இருப்பது அர்ஜினின், 245இல் மட்டும் கிளைசின்.

393இல் ஒன்று மாறினால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். ‘கரை’ ‘கறை’ ஆனால் என்ன ஆகும் என்று நம் மாணவர்களிடம் கேட்டால் பதில் வந்துவிடும். ஆனால் எல்லாப் பிழையும் ஒரே வகை அல்ல. இதுதான் 1994ஆம் ஆண்டு வடிவம் கற்றுத் தந்த பெரிய பாடம்.

முதல் வகை, விரல் போன பிழை. 248, 273 ஆகியவை டிஎன்ஏவை நேரடியாகத் தொடுபவை. இவை மாறினால் கையின் மொத்த வடிவம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். தொட வேண்டிய விரல் மட்டும் இருக்காது.

இரண்டாம் வகை, கையே குலைந்த பிழை. 175, 245, 249, 282 ஆகியவை வளையங்களையும் சுருளையும் தாங்கி நிற்பவை. 175ஆம் இடம் துத்தநாக முடிச்சுக்கு அருகில் இருக்கிறது. அங்கே அர்ஜினினுக்குப் பதில் ஹிஸ்டிடின் வந்தால் முடிச்சு தளர்ந்து கை மடங்கிப்போகிறது. விரல்கள் எல்லாம் இருந்தும் எதையும் பிடிக்க முடியாது.

இந்தக் கை இயல்பிலேயே கொஞ்சம் நலிவானது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டிஎன்ஏ பிணைப்புப் பகுதியை மட்டும் தனியே பிரித்துச் சோதித்தால், 40 பாகை செல்சியஸைச் சற்றே தாண்டியதும் அதன் மடிப்பு குலையத் தொடங்குகிறது. நம் உடல் வெப்பம் 37 பாகை. இடைவெளி எவ்வளவு குறைவு பாருங்க! இவ்வளவு விளிம்பில் நிற்கும் ஒன்றைச் சாய்க்க ஒரு சின்னத் தட்டு போதும்.

நால்வர் கூட்டணி என்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு. கெட்ட பி53 ஒன்று நல்ல மூன்றோடு சேர்ந்தால் முழுக் கூட்டணியின் பிடியும் தளரலாம். ஒரு மரபணு நகல் நன்றாக இருந்தும் பாதுகாப்பு குறைவதற்கு இது ஒரு காரணம்.

6. பூசணம் எழுதும் ஒற்றை எழுத்து

249ஆம் இடத்துக்கு ஒரு தனிக் கதை இருக்கிறது. வெப்பமும் ஈரப்பதமும் உள்ள இடங்களில் சரியாகச் சேமிக்காத நிலக்கடலையிலும் சோளத்திலும் ஒருவகைப் பூசணம் வளரும். அது அஃப்லாடாக்சின் என்ற நச்சை உண்டாக்குகிறது. உணவோடு உள்ளே போகும் நச்சு கல்லீரலில் மாற்றமடைந்து டிஎன்ஏவின் ஜி எழுத்தில் ஒட்டிக்கொள்கிறது. அடுத்த முறை டிஎன்ஏ நகலெடுக்கப்படும்போது அந்த ஜி இருந்த இடத்தில் டி வந்துவிடுகிறது.

249ஆம் இடத்துக்கான மூன்றெழுத்துக் குறிப்பு ஏஜிஜி. இதன் பொருள் அர்ஜினின். கடைசி எழுத்து மாறி ஏஜிடி ஆனால் பொருள் செரீன். சீனாவின் சிடோங் வட்டாரத்திலும் ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலும் கல்லீரல் புற்றுநோயாளிகளிடம் இதே பிழை அடிக்கடி காணப்படுவதாக 1991இல் ஆய்வுகள் வெளிவந்தன. ஹெப்படைட்டிஸ் பி கிருமித்தொற்றும் உள்ளவர்களுக்கு இந்த நச்சால் வரும் ஆபத்து பல மடங்கு கூடும். பூசணம் பிடித்த கச்சானைக் கழுவிச் சாப்பிடாதே, தூக்கிப் போடு என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதில் முழு நியாயம் இருக்கிறது. வறுத்தாலும் சமைத்தாலும் இந்த நச்சு முழுமையாகப் போகாது.

7. குலைந்த கையை நிமிர்த்த முடியுமா?

பிழை இரண்டு வகை என்று பிரித்துப் பார்த்ததன் பயன் இங்கேதான் தெரிகிறது. விரல் போயிருந்தால் புதிய விரல் ஒட்டுவது கடினம். வடிவம் மட்டும் குலைந்திருந்தால் முட்டுக் கொடுத்து நிமிர்த்தலாம் அல்லவா?

220ஆம் இடம் ஒரு நல்ல எடுத்துக்காட்டு. அது டிஎன்ஏவைத் தொடும் இடத்திலிருந்து தள்ளி, உள்ளங்கைத் தகட்டில் இருக்கிறது. அங்கே பெரிய டைரோசினுக்குப் பதில் சிறிய சிஸ்டீன் வந்தால் ஒரு குழி விழுகிறது. புரதம் ஆட்டம் கண்டு குலைகிறது. அந்தக் குழிக்குள் கச்சிதமாகப் பொருந்தும் சிறு மூலக்கூறை வைத்தால் புரதம் மறுபடி நிலைபெறும் என்று ஆய்வுக்கூடங்களில் காட்டியிருக்கிறார்கள். அந்த வழியில் உருவான மருந்து நோயாளிகளிடம் சோதனைக் கட்டம்வரை வந்திருக்கிறது. ஒரு புரதத்தின் வடிவத்தைத் துல்லியமாக அறிவதால் என்ன பயன் என்று கேட்கும் மாணவருக்கு இதைவிட நேரடியான பதில் இல்லை.

8. வகுப்பறைக்கு: சொற்களில் கவனம்

இது நம் துறை சார்ந்த பகுதி. இரண்டு சொற்களை நான் வகுப்பில் மிகக் கவனமாகக் கையாளப் பரிந்துரைக்கிறேன்.

முதலாவது ‘மரபணு மாற்றம்’. இந்தச் சொல்லுக்குள்ளேயே ‘மரபு’ உட்கார்ந்திருக்கிறது. “பாட்டிக்கு மரபணு மாற்றமாம்” என்று சொன்னவுடன் கேட்பவர் காதில் ‘பரம்பரை நோய்’ என்று விழும். வீடே கலங்கிவிடும். உண்மையில் புற்றுநோயில் காணப்படும் டிபி53 பிழைகளில் பெரும்பாலானவை வாழ்நாளில், அந்த ஒரு திசுவில் மட்டும் தோன்றியவை. பிள்ளைகளுக்குப் போவதில்லை. பிறவியிலேயே இப்பிழையோடு வருவதும் உண்டு. அதற்கு லி-ஃப்ராமெனி நோய்த்தொகுதி என்று பெயர், ஆனால் அது அரிது. ஆகவே ‘கட்டியில் தோன்றிய டிஎன்ஏ எழுத்துப் பிழை’, ‘பிறவியில் வந்த டிஎன்ஏ எழுத்துப் பிழை’ என்று பிரித்துச் சொல்லப் பழக்கலாம். அறிக்கையில் எது குறிப்பிடப்பட்டுள்ளது என்பதை மருத்துவரிடமே கேட்டுத் தெளிய வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது ‘படிக்கிறது’. நானும் இக்கட்டுரையில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். எளிமைக்காகச் சொல்லலாம். ஆனால் பி53க்கு மனமும் இல்லை, முடிவெடுக்கும் ஆற்றலும் இல்லை. வடிவம் பொருந்தினால் ஒட்டும், பொருந்தாவிட்டால் விலகும். உவமை எதுவரை பொருந்துகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்று மாணவர்களையே பேச வைத்தால் அது அறிவியல் பாடமாகவும் அணியிலக்கணப் பாடமாகவும் அமையும்.

கலந்துரையாடலுக்குச் சில வினாக்கள்:

அ. துத்தநாகம் டிஎன்ஏவைத் தொடுவதில்லை. பின் அது ஏன் இன்றியமையாதது?

ஆ. ‘விரல் போன பிழை’, ‘கை குலைந்த பிழை’ இரண்டையும் உங்கள் சொந்தச் சொற்களில் வேறுபடுத்துக.

இ. பத்து எழுத்துகள் கொண்ட இன்னொரு பி53 மாலைமாற்றை மேற்கண்ட விதிப்படி உருவாக்குக. எதிர் இழையை எழுதிச் சரிபார்க்கவும்.

ஈ. “கட்டியில் டிபி53 பிழை உள்ளது” என்ற செய்தியை, ஆங்கிலம் தெரியாத ஒரு பெரியவருக்குப் பதற்றம் ஏற்படாமல், உண்மையும் குறையாமல் ஐந்து வாக்கியங்களில் பேச்சுத் தமிழில் கூறுக.

நான்காம் வினாவை வாய்மொழிப் பயிற்சியாக வைத்தால் நல்லது. சரியான சொல் தெரிந்திருந்தால் மட்டும் போதாது, அதை எதிரே இருப்பவர் எப்படிப் புரிந்துகொள்வார் என்பதும் தெரிய வேண்டும். தமிழ் வகுப்பில் நாம் கற்றுத் தர வேண்டியது இரண்டையும்தான்.